சௌதாவின் வீடு இறங்க மறுத்தது

நன்றியை மறப்பது பாவம் என்று அறிந்தவரே, மரியாதையின் பொருட்டு நன்றியை மறைப்பது என்னவென்று எப்போதாவது உங்கள் நெஞ்சைக் கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். நல்ல மனிதர்கள் அதைக் கேட்பதில்லை. கெட்டவர்கள் வாழும் ஊரில் நடக்கிற தவறுகளைச் சொல்ல நூல்கள் ஏராளம் உண்டு. நல்லவர்கள் மட்டுமே வாழும் ஊரில், அவர்கள் நல்லவர்களாக இருப்பதனாலேயே நடக்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

மலேசியாவின் பேராக் கரையோரத்தில், ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்பு தயங்கி வளைகிற இடத்தில், தெலுக் பாயு என்றொரு மலாய்க் கம்பம், அதாவது சிற்றூர், இருக்கிறது. அதன் கிழக்கே முன்பு ரப்பர்த் தோட்டம் இருந்தது. அதன் லயங்களில், அந்த வரிசைக் குடியிருப்புகளில், தமிழர்கள் இருந்தார்கள். பின்பு பால்மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய் தரும் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, மனிதர்கள் திசைக்கொருவராய்ப் போனார்கள், சந்தியில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் செங்கமலம் மட்டும் போகவில்லை. மேற்கே ஆற்றின் வாயில் சீனர்களின் படகுத்துறையும், கூனி இறாலைப் பாய் பாயாகக் காயவைத்துப் பெலாச்சான் விழுது இடிக்கும் லிம் பூன் தெக்கின் களமும் இருக்கின்றன. இவர்கள் அனைவருக்கும் பொதுவான செல்வம் மரியாதை. அந்த ஊரில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிட்டால், அவர் வருகிற வழியில் காலை வைத்ததற்காக நீங்கள் வருத்தம் தெரிவிப்பீர்கள். அவர் உங்கள் வருத்தத்துக்கு வருந்துவார். இருவரும் தேநீர் குடிப்பீர்கள்.

அத்தகைய ஊரில் கடினமானதை நேராகச் சொல்லும் வழக்கம் இல்லை. பந்துன் என்ற நாலடிப் பாட்டில்தான் சொல்வார்கள். முதலிரண்டு அடியில் ஓலை வரும், காற்று வரும், மீன்கொத்தி வரும், அவை நிழல். பின்னிரண்டு அடியில் சொல்ல வந்தது வரும், அது பொருள். பெண் கேட்பதும், கடிந்துகொள்வதும், மன்னிப்புக் கேட்பதும், பிரிவதும் அவர்களுக்கு நாலே அடிகளில் முடிந்துவிடும். நிழலை மட்டும் சொல்லிப் பொருளை விழுங்குவது அங்கே மிக உயர்ந்த மரியாதை என்று கருதப்பட்டது. கேட்பவருக்குப் பொருள் தெரியும். தெரிந்ததைச் சொல்லி ஏன் அவர் முகத்தைச் சுருங்க வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம்.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. ஆறு கரையை அரித்து ஒரு வீட்டை நெருங்கினால், வீட்டைப் பிரிக்கமாட்டார்கள். பலகை வீடுகள் அவை. தூண்கள் மண்ணில் புதைந்திருப்பதில்லை, பீடக்கற்களின் மேல் நிற்கும். தரைச்சட்டத்துக்கு அடியில் மூங்கில் கழிகளைக் கட்டி, ஊர் ஆண்கள் அனைவரும் தோள் கொடுத்து, வீட்டை வீடாகவே தூக்கிக்கொண்டு போய்ப் புதிய கற்களின் மேல் வைப்பார்கள். வீட்டுக்காரி அரிசிப் பானையைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர்த்தலைவர் முன்னால் நடந்து, அந்த வீட்டின் கதையைப் பந்துனாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்: யார் மரம் அறுத்தார், யார் கூரை வேய்ந்தார், யார் அதில் பிறந்தார், யார் அதிலிருந்து மையவாடிக்குப் போனார். சுமப்பவர்கள் கடைசி அடியைத் திருப்பிச் சொல்வார்கள். கதை முடிகிற இடத்தில் வீடு இறங்கும்.

சௌதாவின் வீட்டை ஆறு நெருங்கியபோதும் அப்படித்தான் செய்தார்கள். சௌதா கணவரை இழந்தவள். ஒரே மகள் ஷிகின் ஜொகூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சமையற்கட்டின் படிகளை ஆறு கொண்டுபோன அன்று காலை, ஊர்த்தலைவர் ஹாஜி மஸ்தூக்கி வந்து பார்த்து, "படி போனா அடுத்து அடுப்பு, தூக்கிருவோம்" என்றார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கம்பத்து ஆண்கள் கூடினார்கள். செங்கமலம் ஒரு கூடை ரொட்டி அனுப்பினாள். லிம் ஒரு கூடை நண்டு அனுப்பினார். இருவரும் தாங்களாக வரவில்லை. வந்தால் ஒன்றை நினைவூட்டியதாகிவிடும் என்று வரவில்லை. அவர்களை யாரும் அழைக்கவும் இல்லை. அழைத்தாலும் அதே ஒன்றை நினைவூட்டியதாகிவிடும் என்று அழைக்கவில்லை.

வீடு எழும்பியது, நடந்தது, புதிய கற்கள் போட்டிருந்த சந்தியோரத் தென்னந்தோப்புக்குள் வந்தது. ஹாஜி மஸ்தூக்கி நல்ல குரல்காரர். மரம் அறுத்தவரைச் சொன்னார், கூரை வேய்ந்தவரைச் சொன்னார். அந்த வீடு இதற்கு முன்பு ஒருமுறை வெள்ளத்தில் இடம் மாறிய கதைக்கு வந்தார்.

"கரையில் நிற்குது நிப்பா ஓலை,
காற்று வந்தால் தலைகள் ஆடும்..."

இவ்வளவு சொல்லித் தொண்டையைச் செருமினார். பின்பு, "ஊரார் கூடித் தூக்கினர், வைத்தனர்" என்று உரைநடையில் முடித்து, அடுத்த கதைக்குத் தாவினார். அந்தத் தாவலின்போது சுமந்தவர்களின் தோளிலிருந்து பாரம் நீங்கியது. மூங்கில் கழிகள் அவர்களை விட்டு ஒரு சாண் மேலே போய் நின்றன. எல்லோரும் கைகளை உயர்த்தியபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்; பிறகு அவ்வாறு நிற்பதில் பயனில்லை என்று கண்டு கைகளை இறக்கினார்கள்.

"ஹாஜி, பிடிச்சு இழுக்கவா?" என்றான் ஒருவன்.

"இழுத்தா வீட்டுக்கு வலிக்கும். முதல்ல சாப்பிடுவோம். குலாய்க் குழம்பு ஆறினா நல்லாருக்காது."

சாப்பிட்டார்கள். சௌதாவுக்கு ஒரு தட்டை ஏணி வைத்துக் கொடுத்தார்கள். அவள் இறங்குவதற்குக் கால் எடுத்து வைத்தபோது, கயிறு அறுந்த காற்றாடியைப் போல் வீடு ஒருபக்கமாய்ச் சாய்ந்து நகரப் பார்த்தது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், வீடு நின்றது. "நான் இருக்கிறேன், இருக்கட்டும்" என்றாள். அப்படித்தான் அவள் அதன் பாரமானாள்.

விழுங்கப்பட்ட அந்த இரண்டடி என்னவென்று ஊரில் அறியாதவர் இல்லை. ஆகவே உங்களிடம் மறைப்பதில் பொருளில்லை. சௌதா தாயின் வயிற்றிலிருந்த காலத்தில், அவளுடைய தந்தைக்கும் அன்றைய ஊர்த்தலைவருக்கும், அதாவது ஹாஜி மஸ்தூக்கியின் தந்தைக்கும், ஒரு கல்யாணப் பேச்சை முன்னிட்டு மனக்கசப்பு வந்து, ஊர் சௌதாவின் தந்தையை ஒதுக்கி வைத்தது. ஒதுக்கி வைத்தல் என்றால், அவர் விருந்துக்கு யாரும் போவதில்லை, அவர் பாட்டுக்கு யாரும் பதில் பாடுவதில்லை, அவர் வீட்டுக்கு யாரும் தோள் கொடுப்பதில்லை. அந்த ஆண்டு பெருவெள்ளம் வந்தது. ஆறு வீட்டின் முன்தூணை நக்கியது. கம்பத்து ஆண்கள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் சொல்லாமல் கையை அவிழ்க்க அவர்களுக்குத் தெரியவில்லை. பால் எடுத்து முடித்துத் தோட்டத்திலிருந்து வந்த தமிழர்களும், படகைக் கட்டிவிட்டு வந்த சீனர்களும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு அடியில் புகுந்து தூக்கினார்கள். அதைப் பார்த்த வெட்கத்தில் மறுவாரமே ஒதுக்கல் நீங்கியது, பெரிய விருந்து நடந்தது, எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தூக்கியவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தூக்கியவர்களைச் சொன்னால் தூக்காமல் நின்றவர்களைச் சொன்னதாகும் அல்லவா? நின்றவர்களின் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள் அல்லவா? எனவே கம்பத்தார் சொல்லவில்லை, வெட்கத்தினால். தோட்டத்தார் சொல்லவில்லை, செய்ததைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்பதனால். சீனர்கள் சொல்லவில்லை, மற்ற இருவரும் சொல்லாதபோது தாங்கள் சொல்வது பொருத்தமில்லை என்பதனால். சௌதா சொல்லவில்லை, ஊருடன் மறுபடி மனத்தாங்கல் வேண்டாமென்று அவளுடைய பெற்றோர் கேட்டுக்கொண்டதனால்.

வேறோர் ஊரில் ஒரு விருந்துக்கு நான்கு பேர் சமைத்தார்கள். குழம்பில் உப்பில்லை என்பது நால்வருக்கும் நாவில் தெரிந்தது. மற்றவரின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதாகுமே என்று நால்வரும் பேசாதிருந்தார்கள். விருந்தினர்கள் சமைத்தவர்களின் மனம் நோகாதிருக்க இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார்கள். அந்த ஊரில் அதற்குப் பின் எல்லா விருந்திலும் உப்பில்லாத குழம்பு வழக்கமாகிவிட்டது. அதை நம் முன்னோர் பக்குவம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். நினைவும் இப்படித்தான் உப்பிழக்கிறது. பொய்யர்கள் கெடுத்த நினைவைவிடப் பண்புள்ளவர்கள் கெடுத்த நினைவு அதிகம்.

வீடு தொங்கியது, ஊர் அதற்குப் பழகியது. தச்சர் ஏணியை நீட்டினார். வீட்டுக்கடியில் அடைந்து பழகிய கோழிகள் முதலில் வானத்தைப் பார்த்துக் கலங்கின, பின்பு அதன் நிழலோடு காலையில் மேற்காகவும் மாலையில் கிழக்காகவும் நடக்கக் கற்றுக்கொண்டன. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, எந்தத் தூணும் நிலத்தைத் தொடாததால் இது நிலம் சார்ந்த விஷயம் அல்ல, விமானத்துறையைக் கேளுங்கள் என்று சொல்லி ரொட்டி சாப்பிட்டுப் போனார். தொழுகைக்குத் திசை மாறுமா என்று சௌதா சூரா என்ற தொழுகைக்கூடத்துக்குக் கேட்டனுப்பினாள்; உயரம் திசையை மாற்றாது என்று இமாம் பதில் அனுப்பினார். முற்பகலில் வீட்டின் நிழல் லிம்மின் கூனிப் பாய்களின் மேல் விழுந்தது. கூனி வெயிலில்லாமல் புளித்தது. லிம் ஒன்றும் சொல்லாமல் பாய்களை நகர்த்தினார். மறுநாளும் நகர்த்தினார். "நிழல் நல்லதுதான், எனக்கும் வயசாகுது" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அண்டை ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து மனிதர்கள் பார்க்க வந்தார்கள். ஹாஜி மஸ்தூக்கி அவர்களை வரவேற்று வீட்டின் கதையைச் சொல்வார். "வெள்ளத்தில் ஊரார் கூடித் தூக்கிய வீடு" என்பார். அவர் அவ்வாறு சொல்லி முடிக்கும்போதெல்லாம் வீடு கொஞ்சம் மேலே போயிற்று. தச்சர் ஏணியில் இன்னொரு படி சேர்ப்பார். கதை சொல்லப்படுவதற்கும் வீடு ஏறுவதற்கும் தொடர்பிருப்பதை எல்லோரும் கண்டார்கள். அதை ஹாஜியிடம் சொல்வது முறையாகாது என்று பருவநிலையைக் காரணம் காட்டினார்கள். கடைசியில் ஏணிக்கேற்ற நீளத்தில் மரம் கிடைக்கவில்லை. அதன்பின் சௌதாவுக்கு வேண்டியது கூடையில் ஏறியது, வேண்டாதது கூடையில் இறங்கியது. செங்கமலம் காலையில் ரொட்டி வைத்து அனுப்புவாள். சௌதா வெறுங்கூடையை அனுப்பாமல் தன் ஜன்னலருகே எட்டுகிற தென்னையிலிருந்து ஓர் இளநீர் போட்டு இறக்குவாள்.

இவ்வாறு எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஷிகின் வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவன் நடுக்கடலில் எண்ணெய்த் துறப்பண மேடையில் வேலை செய்பவன். பிள்ளைப்பேறு தாய்வீட்டில் நடப்பது வழக்கம் என்று அவள் பெட்டியுடன் பேருந்திலிருந்து இறங்கினாள். அவளுக்கு நிறைமாதம். அவளுடைய முதல் பிள்ளை நகரத்தில் பிறந்து, அழாமலே போயிற்று. அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்தது கட்டிலின் இரும்புக் கம்பிதான்; கம்பி குளிர்ந்திருந்தது என்பதைத் தவிர அந்த நாளைப் பற்றி அவள் எதையும் சொல்வதில்லை. இம்முறை தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெறுவது என்று தீர்மானித்து வந்திருந்தாள்.

வீட்டுக்கடியில் நின்று அண்ணாந்தாள்.

"மாக்" என்று தாயை அழைத்தாள்.

ஜன்னலில் சௌதாவின் முகம் தோன்றியது. அங்கிருந்து பார்க்க மகள் வயிறும் முகமுமாக மட்டும் தெரிந்தாள். "சாப்பிட்டியா?"

"பஸ்ல சாப்பிட்டேன். இது என்ன மாக், ஃபோன்ல வீடு கொஞ்சம் உசந்துருக்குன்னீங்க."

"கொஞ்சம்தானே."

"நான் மேலே வரணும்."

"அந்தக் கூடையில ரொட்டிதான் வரும். உன்னை வச்சா கயிறு அழும்."

"அப்போ நீங்க இறங்குங்க."

"நான் இறங்கினா வீடு போயிடும், பிள்ளை. உங்கப்பா கட்டின ஜன்னல், உன் தொட்டில் கொக்கி, எல்லாம் கடல் பக்கம் போயிடும். அப்புறம் நீ எங்கே பெறுவே?"

ஷிகின் செங்கமலத்தின் வீட்டில் தங்கினாள். மருத்துவத்தாதி மோட்டார்சைக்கிளில் வந்து பார்த்து, குழந்தை நன்றாகத் திரும்பியிருக்கிறது, ஆனால் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். நாள்தோறும் காலையில் ஷிகின் நாற்காலி போட்டு வீட்டின் நிழலில் உட்கார்வாள். நிழல் நகர நகர நாற்காலியும் நகரும். மேலிருந்து தாய் எதையாவது சொல்வாள். கீழிருந்து மகள் எதையாவது கேட்பாள். காற்றடிக்கும் நாட்களில் பாதி வார்த்தைகள் தென்னை மரங்களுக்குப் போய்ச் சேரும். சுற்றுலாப் பயணிகள் அதையும் படம் பிடித்தார்கள்.

வலி ஒரு முற்பகலில் வந்தது. ஷிகின் நாற்காலியின் கையைப் பிடித்தாள். அது இரும்பு நாற்காலி. கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். செங்கமலம் ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். லிம் பாய்களுக்கிடையிலிருந்து வந்தார். தாதி வந்தாள். அன்றைய பேருந்துப் பயணிகளுக்குக் கதை சொல்லத் தொடங்கியிருந்த ஹாஜி மஸ்தூக்கி பாதியில் நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள் தாதி. "நேரம் இருக்கு."

"எங்கம்மா கை வேணும்" என்றாள் ஷிகின். நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது சௌதா ஜன்னலிலிருந்து, அந்த ஊரில் அதுவரை யாரும் செய்யாத ஒரு மரியாதைக்குறைவைச் செய்தாள். ஊர்த்தலைவரைப் பெயர் சொல்லி அழைத்து, நேராகக் கேட்டாள்.

"ஹாஜி மஸ்தூக்கி. பாட்டில ரெண்டடியை விழுங்கிட்டீங்க. அதைச் சொல்லுங்க."

ஹாஜி தொப்பியைச் சரிசெய்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, சௌதா."

"தெரிஞ்சதைச் சொல்றதுல என்ன கஷ்டம்?"

ஹாஜியின் முகம் சிறுத்தது. அதைக் காணப் பொறுக்காத செங்கமலம் குறுக்கே வந்தாள். "விடுங்க சௌதா காக். ஹாஜி என்ன பண்ணுவாரு. எங்கப்பா அதையெல்லாம் பெரிசா நினைச்சதே இல்ல."

வீடு ஒரு முழம் மேலே போயிற்று.

"உண்மைதான்" என்றார் லிம், உதவுகிற எண்ணத்துடன். "எங்கப்பா சும்மா அந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்தாரு. வழியில வீடு இருந்தது, தூக்கிட்டாரு."

வீடு இன்னொரு முழம் போயிற்று. சௌதாவின் குரல் மெலிந்து வந்தது. "லிம் தௌகே, செங்கமலம் அக்கா, ரெண்டு பேரும் தயவுசெய்து நல்லவங்களா இருக்கிறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. என் மகள் கீழே நிக்கிறா."

கவனியுங்கள், கேட்பவரே. தந்தையின் மானத்தைக் காப்பது மகனின் கடமை என்று நமக்கு எல்லா மொழியிலும் கற்பித்திருக்கிறார்கள். இறந்தவரின் மானத்துக்கும் உயிரோடிருப்பவளின் வலிக்கும் நடுவில் நிற்க நேர்ந்தால் எந்தப் பக்கம் காலை வைப்பது என்று கற்பிக்கவில்லை. ஹாஜி மஸ்தூக்கி தன் தந்தையை நேசித்தவர். அவருடைய கல்லறையில் வாரந்தோறும் பூநீர் ஊற்றுபவர். அவர் ஷிகினைப் பார்த்தார். அவள் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் இரண்டு கைகளையும் தன் வயிற்றின்மேல் வைத்திருந்தாள். ஹாஜி முன்னே நடந்து, தூக்குகிற நாளில் நிற்கிற இடத்தில் நின்று, பேருந்துப் பயணிகளும் கேட்கும்படி, நல்ல குரலில் பாடினார்.

"கரையில் நிற்குது நிப்பா ஓலை,
காற்று வந்தால் தலைகள் ஆடும்;
கைகட்டி நின்றோம் நாங்கள் அவ்வேளை,
தோளைத் தந்தன கடலும் காடும்."

பின்பு உரைநடையிலும் சொன்னார், சந்தேகம் இருக்கக் கூடாதென்று. "கையைக் கட்டச் சொன்னவர் என் தகப்பனார்."

ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, ஏனெனில் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு இறங்கிக்கொண்டிருந்தது. தென்னை உச்சிக்கு வந்தது, கூரைகளின் மட்டத்துக்கு வந்தது, மனிதரின் தோள் மட்டத்துக்கு வந்து, அங்கே தன் முழுப் பாரத்தையும் ஒரேயடியாகத் திரும்பப் பெற்றது. "ஆளுங்க வாங்க" என்றார் ஹாஜி. கம்பத்து ஆண்கள் ஓடிவந்து புகுந்தார்கள், போதவில்லை. லிம்மின் களத்தாட்கள் ஈரக் கையுடன் வந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேச இளைஞர்கள், யாருடைய கதையென்று தெரியாமலே தோள் கொடுத்தார்கள். பேருந்து ஓட்டுநர் புகைத்ததை எறிந்துவிட்டு வந்தார். வீடு நின்றது, ஆனால் இறங்கவில்லை. நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் மனிதர்கள் இருந்தார்கள்.

குட்டை ஏணி ஒன்று வைத்தார்கள். ஷிகின் அதில் ஏறினாள். தாதி பின்னால் ஏறினாள். கதவு சாத்தப்பட்டது.

"கடல், காடுன்னா போதாது" என்றார் ஹாஜி, தோளில் கழியுடன். அவருக்கு மூச்சு வாங்கியது. "பேரு சொல்லணும். எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. அக்கா, சொல்லு. இப்போ அடக்கம் பார்க்காதே, இடுப்பு போகுது."

செங்கமலம் முன்தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எங்கப்பா சடையன். முன்மூலை இடப்பக்கம்." வீடு விரற்கடை இறங்கியது, சுமந்தவர்கள் முழங்காலை மடித்தார்கள். "இருளப்பன். அவரு தம்பி வைரக்கண்ணு. பத்தாம் நம்பர் லயத்துக் காத்தான், குடிச்சிருந்தாரு, ஆனா நல்லாத் தூக்குனாராம்." யாரோ சிரித்தார்கள், சிரித்தவர் மேல் பாரம் கூடியது. லிம் சொன்னார்: "எங்கப்பா லிம் சுவீ ஹாக். வழியில போகல. வேலையை விட்டுட்டு வந்தாரு, அன்னிக்குப் பிடிச்ச மீன் எல்லாம் அழுகிப்போச்சு. அம்மா ரொம்ப நாள் திட்டினாங்க." வீடு நன்றாக இறங்கியது. "படகுக்கார தியோ. அவரோட மைத்துனர், பேச மாட்டாரு, பேரு ஆ பெங்." ஒவ்வொரு பெயரையும் கம்பத்தார் திருப்பிச் சொன்னார்கள், பந்துனின் கடைசி அடியைச் சொல்வதுபோல, மலாய் நாவில் காத்தான் கொஞ்சம் வளைந்தார், வைரக்கண்ணு கொஞ்சம் நீண்டார், ஆனாலும் அவர்கள்தான். உள்ளேயிருந்து ஷிகினின் குரல் வந்தது. சௌதாவின் குரல் அதன்மேல் வந்தது, "என் கையை ஒடிச்சாலும் பரவாயில்ல, பிடிச்சுக்கோ" என்று. பிறகு, ஆட்கள் ஏறக்குறையத் தரையில் உட்கார்ந்துவிட்ட நிலையில், மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. அது அழுதது. வீட்டுக்கடியில் சுமந்துகொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அழுதார்கள் என்பதை அவர்களுடைய மரியாதை கருதி நான் சொல்லாமலிருக்கலாம். ஆனால் அந்த வழக்கத்தைத்தான் இப்போது விட்டுவிட்டோம். எல்லோரும் அழுதார்கள்.

தூண்கள் பீடக்கற்களில் அமர்ந்தன. ஒன்றைத் தவிர. வடகிழக்கு மூலைத்தூண் தன் கல்லுக்கு மேல் ஓர் அங்குல இடைவெளியில் நின்றது, அழுத்தினாலும் இறங்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றாள் செங்கமலம். "அந்த மூலையில நின்னவரு. ஒல்லியா இருப்பாராம், தோட்டத்துக்குப் புதுசா வந்தவரு. மூங்கில் சிம்பு தோள்ல ஏறி ரத்தம் வந்தும் விடலையாம். மறுவாரம் விருந்துக்குக் கூப்பிட ஆள் போனப்போ வேற தோட்டத்துக்குப் போயிட்டாராம்."

"பேரு?"

"அப்பா ஒருதடவை சொன்னாரு. கடையில கூட்டம், நான் மாவு வீசிக்கிட்டிருந்தேன். அப்புறம் கேட்டுக்கலாம்னு நினைச்சேன்." அவள் அந்தத் தூணைத் தடவினாள். "அப்புறம் அப்பா இல்ல."

அவ்வளவுதான் நடந்தது. சௌதா அந்த வீட்டில் பேத்தியைத் தாலாட்டுகிறாள். வருகிறவர்கள் ஒரு தென்னங்கீற்றை அந்த மூலைத்தூணுக்கும் கல்லுக்கும் இடையில் விட்டு மறுபக்கம் எடுத்துப் பார்க்கிறார்கள். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் வீடு அந்த மூலையில் சற்று ஆடுகிறது. தொட்டிலை ஆட்ட வேண்டியிருப்பதில்லை என்று சௌதா சொல்கிறாள். ஆனால் ஆறு மறுபடி வரும், அப்போது ஒரு மூலை நிலம் தொடாத வீடு தாங்காது என்பதைத் தச்சர் சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஜியும் செங்கமலமும் லிம்மின் லாரியில் ஏறி, அந்தத் தோட்டத்து மனிதர்கள் சிதறிப்போன ஊர்களுக்கெல்லாம் போய்க் கதவு தட்டுகிறார்கள். பல வீடுகளில் அவர்களுக்குத் தேநீர் கிடைத்திருக்கிறது. சில வீடுகளில், "போன மாசம் வந்திருந்தா தாத்தாகிட்டேயே கேட்டிருக்கலாமே" என்ற பதில் கிடைத்திருக்கிறது.

தமிழ் படிக்கத் தெரிந்தவரே, அந்த ஒல்லியான மனிதர் உங்களுடையவராக இருக்கலாம். உங்கள் வீட்டில் தோளில் பழைய தழும்புள்ள ஒருவர் இருக்கிறாரா, இருந்தாரா? அவரை அறிந்த ஒருவராவது இன்னும் உயிருடன் இருக்கிறாரா? நாளை என்று சொல்லாதீர்கள். கூட்டம் குறையட்டும், மாவு தீரட்டும் என்று சொல்லாதீர்கள். இதைப் படித்து முடித்தவுடன், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அவரிடம் இன்றே பேசுங்கள். ஆற்றோரத்தில் ஒரு வீட்டைத் தூக்கியதுண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால், வேறு எதைத் தூக்கினீர்கள், யாருக்காக, உங்களுடன் யார் யார் நின்றார்கள் என்று கேளுங்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் சொல்வார். நம்பாதீர்கள். அவர் பெயர்களைச் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.